வீட்டு வாசலும் கைப்பேசியின் வாசலும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்ற பின்னர், பிள்ளைகளின் மக்தப் வருகையைப் பற்றியோ தொழுகையின் ஒழுக்கங்களைப் பற்றியோ நாம் சில வார்த்தைகள் சொல்வது வழமை. இவ்வாண்டு நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று வேறொரு பொருளை எடுத்துக் கொண்டிருக்கிறோம். நம் கையிலுள்ள கைப்பேசியிலும், வீட்டில் பொருத்தியுள்ள இணையத் தொடர்பிலும் நம்முடைய அந்தரங்கத்தையும் பொருளையும் எவ்வாறு காத்துக் கொள்வது என்பதே அது. "ஹஜ்ரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது செவியில் விழுகிறது. சம்பந்தம் உண்டு. சென்ற ரமளானில் இந்த மஹல்லாவில் ஏமாந்தவர்களில் முதலாமவர் நாமே. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ரமளான் இருபதாம் இரவு. தராவீஹ் முடிந்து அறைக்கு வந்து அமர்ந்தோம். நம்மிடம் மக்தபில் ஓதி, இப்போது தம்மாமில் பணிபுரியும் மாணவர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஸலாம், துஆ விசாரிப்பு எல்லாம் முறையாக இருந்தன. பிறகு, தமக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக நமக்கு வந்துவிட்டதாகவும், அதனை உடனே அனுப்பினால் உபகாரமாயிருக்கும் என்றும் எழுதியிருந்தது. பார்த்தால், உண்மையிலேயே ஓர் ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக வந்து கிடந்தது. அதன் கீழே, எவருக்கும் இதனைச் சொல்ல வேண்டாம் என்னும் எச்சரிக்கையும் இருந்தது. அதைப் படிக்கும் பொறுமை அப்போது நமக்கு இல்லை. எண்ணை அனுப்பினோம். சில நொடிகளில் நமது கைப்பேசியில் வாட்ஸ்அப் செயலிழந்தது.

அதன் பின்னர் நடந்தவற்றை உங்களில் பலர் அறிவீர்கள். நமது பெயரில், நமது படத்துடன், நாம் பேசும் பாணியிலேயே, ஓர் ஏழைச் சிறுமியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று செய்தி சென்றது. ரமளானின் கடைசிப் பத்து தொடங்கும் வேளை. கேட்பவர் இமாம். ஒரு மணி நேரத்திற்குள் ஒன்பது பேர் 64,000 ரூபாய் அனுப்பிவிட்டனர். பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் மூதாட்டி ஒருவர், பெருநாள் துணிக்கென்று வைத்திருந்த 3,000 ரூபாயைப் பேரனிடம் சொல்லி அனுப்பச் செய்திருந்தார்.

அன்றிரவே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்த ஐவரின் தொகையில் 27,000 ரூபாய் வங்கியில் முடக்கப்பட்டுச் சில மாதங்களுக்குப் பின் திரும்பக் கிடைத்தது. ஸஹருக்குப் பின் பார்த்துக் கொள்ளலாம் என்று தூங்கச் சென்ற நால்வருக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்கிற்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் நிமிடங்களில் பாய்ந்து விடுகிறது. ஓடும் நீருக்கு அணை போடுவதானால் உடனே போட வேண்டும். ஆகவே முதலில் இந்த எண்ணை மனனம் செய்து கொள்ளுங்கள்: 1930. உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பணத்தை இழந்தவர் தம் வங்கியின் பெயர், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக் கொண்டு அழைக்க வேண்டும்.

அந்த மூதாட்டியின் பணத்தைத் திருப்பித் தர நாம் சென்றோம். அவர் வாங்கிக் கொள்ளவில்லை. "நான் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேன் ஹஜ்ரத்து, வாங்குனவன் கள்ளனா இருந்தா அது அவன் கணக்கு" என்றார். அவருடைய நிய்யத்திற்குக் கூலி உண்டு. ஆனால் அந்த வார்த்தை நமக்கு ஆறுதல் தரவில்லை, இன்றும் தரவில்லை.

நமது ஏமாற்றத்தின் வழிமுறையைச் சற்று விளக்குவோம். வாட்ஸ்அப் கணக்கு ஒரு தொலைபேசி எண்ணோடு கட்டப்பட்டது. புதியதொரு கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்தால், உரியவர்தானா என்று உறுதி செய்ய ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக வரும். அந்த எண் எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில் கணக்கு. திருடன் நமது எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்துவிட்டு, வந்த திறவுகோலை நம்மிடமே கேட்டு வாங்கிக் கொண்டான். தம்மாம் மாணவரும் நமக்கு முன்பே அதே முறையில் கணக்கை இழந்தவர்தாம் என்பது பின்னர் தெரிந்தது. ஒருவர் மீதுள்ள நம்பிக்கையை ஏணியாக வைத்து அடுத்தவரிடம் ஏறுகிறார்கள்.

நாம் மீண்டும் குறுஞ்செய்தி எண் பெற்று நமது எண்ணைப் பதிந்தவுடன் திருடன் வெளியேற்றப்பட்டான். எனினும் அவன் இதற்கிடையில் தனக்கென ஒரு ரகசிய எண்ணை அக்கணக்கிற்குப் பூட்டாகப் போட்டு வைத்திருந்தான். அந்தப் பூட்டு விலக ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இருபத்தேழாம் இரவு வரை நாம் வாட்ஸ்அப் இன்றி இருந்தோம். (அந்த ஏழு நாட்களும் இபாதத்திற்கு உகந்தவையாகவே அமைந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அவன் போட்ட அந்தப் பூட்டை நாமே முன்னதாகப் போட்டிருந்தால் இவ்வளவும் நிகழ்ந்திராது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'கணக்கு' என்னும் பகுதியில் 'இருபடிச் சரிபார்ப்பு' என்று ஒன்று உள்ளது. அங்கே நீங்கள் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை அமைத்துக் கொண்டால், குறுஞ்செய்தி எண்ணைத் திருடியவனும் உள்ளே நுழைய முடியாது. பிறந்த தேதியையோ 123456 என்பதையோ அங்கே வைக்காதீர்கள். அதே அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னும் பகுதியையும் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ கைப்பேசியோ அங்கே காணப்பட்டால், யாரோ ஒருவர் உங்கள் உரையாடல்களை உடனிருந்து படித்துக் கொண்டிருக்கிறார் என்று பொருள். உடனே அதனை நீக்கி விடுங்கள்.

அன்பர்களே! அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் பிறர் வீட்டில் நுழையலாகாது என்னும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் இருப்பதை நாம் அறிவோம். ஒரே வீட்டில் வாழும் சிறுவர்களும் நாளின் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. கதவின் துவாரத்தில் எட்டிப் பார்த்த மனிதரை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்ட செய்தி ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. கால் உள்ளே வைப்பது மட்டுமே நுழைவதன்று, கண் உள்ளே வைப்பதும் நுழைவதே என்று நமது உலமாக்கள் இதிலிருந்து விளக்கமளிப்பர். நாட்டின் சட்டமும் இதற்கு அப்பாற்பட்டதன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆக, மார்க்கமும் சட்டமும் நமக்கு வாசலைத் தந்துள்ளன. கதவை நாம்தாம் திறந்து போட்டிருக்கிறோம்.

இணையம் வீட்டிற்குள் வரும் வாசல், சுவரில் விளக்கு மின்னிக் கொண்டிருக்கும் அந்தச் சிறிய பெட்டி. ரவுட்டர் என்கிறார்கள். ஷஅபான் மாதத்தில், கணினி பயின்ற இளைஞர் ஒருவரை உடன் அழைத்துக் கொண்டு, விரும்பி அனுமதியளித்த சில வீடுகளில் இப்பெட்டியைப் பார்வையிட்டோம். பெரும்பாலான வீடுகளில் கண்டது ஒன்றே. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பணியாளர் பொருத்திவிட்டுச் சென்ற நாளன்று இருந்தபடியே அது இருந்தது. வைஃபையின் கடவுச்சொல் வீட்டுத் தலைவரின் கைப்பேசி எண். சில வீடுகளில் பெயரும் அதன் பின்னே 123 என்பதும்.

இப்பெட்டிக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஒன்று, வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று, பெட்டியின் உள்ளமைப்புகளைத் திறப்பதற்கு. அந்த இரண்டாவது, பழைய பெட்டிகள் பலவற்றில் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்றே வருகிறது. அல்லது பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வைஃபையில் சேர்ந்த எவரும், உலாவியில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண்ணைத் தட்டி, இந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பெட்டியின் எஜமானராகி விடலாம். அவ்வாறு உள்ளே வந்தவன் செய்யக்கூடியதில் மிகக் கொடியது, பெயர்களுக்குரிய முகவரியைக் காட்டும் ஏற்பாட்டை மாற்றி வைப்பது. தெருமுனையில் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தால் வெளியூர் விருந்தினர் வேறு வீட்டிற்குச் சென்று நிற்பாரன்றோ? அதுபோல நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டினாலும் திருடன் அமைத்த பக்கத்திற்குச் சென்று நிற்க நேரும்.

எனவே இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வர். நமது அபிப்பிராயம் அதுவன்று. வீட்டு அலமாரிக்குள் ஒரு தாளில் எழுதி வைப்பதில் பெரிய ஆபத்தில்லை. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைஃபைக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் சேர்ந்துவிடலாம் என்னும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வையுங்கள். பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்தால் ஏற்றுக் கொள்ளுங்கள். திருமணம், பெருநாள் நாட்களில் வரும் விருந்தினருக்கு இணையம் கொடுக்காதிருக்க நம் ஊர்ப் பண்பு இடங்கொடாது. அதற்கென்றே பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியே ஒன்று அமைக்க முடியும். திண்ணையில் அமரச் சொல்லி உபசரிப்பது போன்றது அது. உள்ளறைகளுக்கு அங்கிருந்து வழியில்லை.

'யாரோ நமது வைஃபையில் படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?' என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றிற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைக் காவல்துறை தேடிச் சென்றபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் அடுக்குமாடி வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது. அதனைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். ஆயினும் விசாரணை அவரிடமிருந்தே தொடங்கியது. இணையத்தில் நிகழும் ஒவ்வொரு செயலும் எந்தத் தொடர்பிலிருந்து நிகழ்ந்ததோ, அந்தத் தொடர்பின் சொந்தக்காரரது முகவரிக்கே முதலில் கொண்டு சேர்க்கும். நமது தொடர்பில் வேறொருவர் செய்த பாவத்திற்கு, நாம் அல்லர் என்று நிரூபிக்கும் சுமை நமது தலையில் வந்து விழுகிறது. அந்தச் சுமை எத்தகையது என்பதை நமது சமுதாயத்திற்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேமராக்களைப் பற்றியும் பேச வேண்டும். பள்ளிவாசல் வாசலிலும் கேமரா உண்டு; நிர்வாகத்தார் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்களா என்று இந்தச் சபையில் கேட்க மாட்டோம், தனியே கேட்போம். 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது பெரிய வித்தை எதனையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றப்படாத கேமராக்களும் ரவுட்டர்களும் லட்சக்கணக்கில் திறந்து கொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றின் துணையால் தொடுக்கப்பட்ட தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரும் தளங்களே பல மணி நேரம் முடங்கின.

வீட்டிற்குள் கேமரா வைப்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் சிலர், வயோதிகப் பெற்றோரைப் பார்த்துக் கொள்ளவென்று கூடத்தில் கேமரா பொருத்துகின்றனர். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் மனைவி முக்காடின்றி நடமாடுகிறார். சகோதரி வந்து அமர்கிறார். அண்டை வீட்டுப் பெண்கள் வந்து பேசிச் செல்கின்றனர். அக்காட்சிகள் எந்த ஊர்க் கணினியில் சேமிக்கப்படுகின்றன, அதன் கடவுச்சொல் எவரெவரிடம் உள்ளது என்று பொருத்தியவருக்கே தெரிவதில்லை. வாசலுக்கு வெளியே நோக்கி வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள். தவிர்க்கவே இயலாதென்றால், வீட்டிலுள்ள பெண்களின் சம்மதத்தோடு, அவர்களே அணைக்கும்படி வையுங்கள். மனைவியின் கைப்பேசியில் அவருக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் செயலியை ஏற்றி வைத்தவர்களும் நம்மிடம் பஞ்சாயத்திற்கு வந்திருக்கின்றனர். சந்தேகம் தீர்ந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. கணவனுக்கென்று அதில் விதிவிலக்கு எதனையும் நாம் கண்டதில்லை.

இனிக் கைப்பேசி. நம்மில் பலர் தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் செயலிகளை வைத்திருக்கிறோம். 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்னும் அமெரிக்கச் செய்தித்தளம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. 9 கோடியே 80 லட்சத்திற்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து, அதனை வைத்திருப்போரின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்னும் தரகு நிறுவனத்திற்குச் சென்றது என்றும், அந்நிறுவனம் திரட்டிய தகவல்களை வாங்கியோரில் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களும் இருந்தனர் என்றும் அது தெரிவித்தது. தாம் நேரடியாக ராணுவத்திற்கு விற்றதாகச் சொல்வது தவறு என்று செயலியின் நிறுவனத்தார் மறுத்தனர். அத்தரகரோடு உறவை முறித்துக் கொள்வதாகவும் அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், அந்தரங்கம் சார்ந்த நுண்ணுணர்வு மிக்க இருப்பிடத் தகவல்களை விற்கலாகாது என்று அந்தத் தரகு நிறுவனத்திற்குத் தடை விதித்தது.

எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது நமக்கும் நம்மைப் படைத்தவனுக்கும் இடைப்பட்டது என்று எண்ணியிருந்தோம். இடையில் ஒரு தரகர் இருந்திருக்கிறார். இதற்காகச் செயலிகளை எல்லாம் எறிந்துவிடச் சொல்லவில்லை. இருப்பிட அனுமதி கேட்டால் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். துல்லியமான இருப்பிடத்தை அணைத்து வையுங்கள். பல செயலிகளில் ஊரின் பெயரை நாமே தட்டி அமைத்துக் கொள்ளவும் வழியுண்டு. நமது பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை இதுவரை எவரையும் காட்டிக் கொடுத்ததில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம்.

டார்ச் விளக்குச் செயலி தொடர்பு எண்களைக் கேட்கிறது. பிள்ளைகளின் விளையாட்டு ஒலிவாங்கியைக் கேட்கிறது. கேட்பதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அமைப்புகளில் 'அனுமதிகள்' என்னும் இடத்தில் எதற்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துத் திரும்பப் பெறலாம்.

திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் கோப்பு வருகிறது. அதன் பெயரின் இறுதியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது அழைப்பிதழ் அன்று. அது ஒரு செயலி. போக்குவரத்து அபராத ரசீது, மானிய விண்ணப்பம் என்ற பெயர்களிலும் வரும். அதனை ஏற்றி, கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்தால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை உங்களுக்கு முன்னரே அது படித்து அனுப்பிவிடும். நம் ஊரில் திருமணப் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லாத காலம் வரவிருக்கிறது. ஆகவே சொல்லி வைக்கிறோம். செயலிகளைப் பிளே ஸ்டோர் போன்ற உரிய இடத்திலிருந்தன்றி ஏற்றாதீர்கள். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்பும்போது தேவைப்படும், பெறுவதற்குத் தேவையில்லை. 'பணம் வர வேண்டும், எண்ணை அழுத்துங்கள்' என்பவன் திருடன். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோவில் காவலர் சீருடையில் தோன்றி மிரட்டுகின்றனர். அப்படியொரு கைது நமது நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930ஐ அழையுங்கள்.

கைப்பேசி தொலைந்து போனால், அழுது கொண்டிராமல் சிம் கார்டை நிறுத்தி வையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். *#06# என்று தட்டினால் வரும் 15 இலக்க அடையாள எண்ணை இன்றே வீட்டில் எழுதி வைத்துக் கொண்டால், தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அக்கைப்பேசியையே முடக்கச் செய்யலாம். உங்கள் பெயரில் வேறெவரேனும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதும் அங்கே தெரியும். பழைய கைப்பேசியை விற்கும் முன் அதிலுள்ள கணக்குகளை நீக்கி, முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். குறிப்பாகப் பெண்கள் பயன்படுத்திய கைப்பேசிகள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அவசரத்திற்குக் கடன் தரும் செயலிகளில் சிக்கி, வீட்டில் சொல்லவும் முடியாமல் தவித்த பெண்மணிகளை நாம் அறிவோம். 5,000 ரூபாய்க்காகத் தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக் கொண்டு, பின்னர் படத்தை மாற்றி உறவினர் அனைவருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டும் கூட்டம் அது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடலாகாது. தொடுகிறவன் சட்டத்திற்குப் புறம்பானவன். அவனுக்கு அஞ்சி மேலும் பணம் கட்டாதீர்கள். மிரட்டல் வந்தால் அதனை அழிக்காமல் வைத்திருந்து புகார் செய்யுங்கள். வட்டியின் தீமையைப் பற்றிப் பேசும் நேரம் இதுவன்று. உதவி தேவைப்படும் நேரம். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருக்கும்போது நமது பெண்கள் ஏன் செயலியிடம் செல்கிறார்கள் என்னும் கேள்விக்கு மட்டும் நாம் பதில் தேடினோம். கிடைத்த பதில் கசப்பானது. இங்கே கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சம் வீணானதா? நிர்வாகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு ரமளான் அரிசி பெற்றவர்களின் பட்டியல், பெயர், தெரு, கைப்பேசி எண்ணுடன் நமது ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடப்பட்டது. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே காரணம் என்பதை அறிவோம். ஆயினும், நமது கணக்கைத் திருடியவன் அக்குழுவினுள் நின்றபோது அந்தப் பட்டியலும் அவன் கண் முன்னே கிடந்தது. யார் ஏழை, யார் விதவை, யாருக்கு யாருமில்லை என்பதை ஒரு திருடனுக்கு நாமே அட்டவணையிட்டுக் கொடுத்தோம். இரண்டு விதவைப் பெண்களுக்கு 'அரசு உதவித் தொகை' என்று சொல்லி அழைப்பு வந்தது அதற்கு அடுத்த வாரத்திலேதான். அலுவலக அலமாரியில் ஆதார் நகல்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அலமாரியின் சாவி ஆணியில் தொங்குகிறது. தலாக், குலா பஞ்சாயத்துத் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து நிர்வாகிகளின் குழுவில் பகிர்வதும் நடைபெறுகிறது. அக்குழுவில் ஒருவரின் கணக்கு பறிபோனால், ஒரு குடும்பத்தின் கண்ணீர் யாரோ ஒருவன் கையில்.

எனவே நிர்வாகத்தாரிடம் நமது வேண்டுகோள் இது. உதவி பெறுவோரின் பெயரும் படமும் இனி எந்தக் குழுவிலும் வரக்கூடாது. தொகையும் எண்ணிக்கையும் மட்டும் போதும், பெயர்ப் பதிவேடு பொருளாளரின் பூட்டில் இருக்கட்டும், தணிக்கையாளர் வந்து பார்க்கட்டும். ஆதார் வாங்கியே தீர வேண்டுமெனில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை ஆதார் ஆணையமே தருகிறது, அதனை வாங்குங்கள். தேவை முடிந்த பழைய நகல்களை எரித்துவிடலாம். அன்று நாமும் வந்து உடனிருக்கிறோம். 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிறருடைய விவரங்களைக் கணினியில் வைத்திருப்போருக்குப் பொறுப்புண்டு என்பது அதன் சாரம். சட்டம் வந்து சொல்லும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்பதை நிர்வாகத்தார் ஆலோசிக்கட்டும். தலைவர் அவர்கள் தலையசைப்பதைக் காண்கிறோம், ஜஸாக்கல்லாஹு கைரா.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் மக்தப் கட்டிடத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆண்களுக்குக் கீழ்த்தளத்தில் இரு இளைஞர்களும், பெண்களுக்கு மாடியில் கல்லூரியில் பயிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் மூவரும் இருப்பார்கள். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்பு, செயலிகளின் அனுமதிகள், திரைப்பூட்டு ஆகியவற்றை அமைக்கக் கற்றுக் கொடுப்பார்கள். கைப்பேசியை அவர்களிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் கையிலேயே வைத்துக் கொண்டு, ரகசிய எண்ணை நீங்களே தட்டுங்கள். ரவுட்டரைக் கழற்றிக் கொண்டு வர வேண்டியதில்லை. அதன் அடியிலுள்ள சீட்டின் விவரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்தால் போதும். படமெடுத்துக் குழுவில் மட்டும் போட்டு விடாதீர்கள்.